கேமா யார், அப்பா?

என் அப்பா, எங்கே இருந்தாலும் கொஞ்சம் இதைக் கேளுங்கள்.

நான் ஸ்பானிஷ் படிக்கச் சுவிசிலிருந்து மத்ரித்துக்குப் போனேன். கோடை விடுமுறை முழுக்க அங்கேதான். நிவேதாவும் மிரியமும் கூட வந்தார்கள். நிவேதாவை உங்களுக்குத் தெரியும், திரிம்பாக் கோயில் திருவிழாவில் உங்களிடம்தான் கடலை வாங்கித் தரச் சொல்லி நிற்பாள். மிரியம் லுசேர்னில் என்னோடு படிக்கிற சுவிஸ் பிள்ளை. அவர்கள் ஊர் பார்க்க வந்தார்கள். நான் எதற்கு வந்தேன் என்று முதலில் அவர்களுக்குச் சொல்லவில்லை.

உங்களுக்கே தெரியாத கதை இது. மூளையில் இரத்தம் அடைத்து நீங்கள் விழுந்த பிறகு, தமிழும் ஜெர்மனும் உங்களை விட்டுப் போய்விட்டன. எங்களைப் பார்த்து வேறு ஏதோ பேசினீர்கள், நாக்குக் குழறி. வார்டு துடைக்க வந்த போர்த்துக்கீசப் பெண் நின்று கேட்டுவிட்டு, ஸ்பானிஷ் போல இருக்கிறது, ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை என்றாள். அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. தான் சுவிசுக்கு வருவதற்கு முன்பு, கூர் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் நீங்கள் ஸ்பானியர்களோடு பல வருடம் சமையல் வேலை செய்தீர்கள் என்று.

அந்தக் குழறலில் ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கேமா. யாராவது கட்டிலுக்குக் கிட்ட வந்தால் போதும், கண்ணை அகலத் திறந்து கேமா, கேமா என்பீர்கள்.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்து சனம் எல்லாம் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டார்.

"ஆர் பிள்ளை அந்தக் கேமா?"

எனக்கும் அது ஒரு பெண்ணின் பெயராகத்தான் பட்டது. தெரியாது என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவேயில்லை. உங்கள் படத்துக்கு விளக்கு வைப்பார், நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

முதல் நாள் வகுப்பில், தெரிந்த ஸ்பானிஷ் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். எண்ணெய் தெறித்தால் வீட்டில் நீங்கள் சொல்வீர்களே, அதைச் சொன்னேன். ஆசிரியை சிரித்துவிட்டு, இதைத் தெருவில் சொல்லிவிடாதே என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

பின்னேரங்களில் மூவரும் நடப்போம். மெத்ரோவில் ஏறி, பெயர் பிடித்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவோம். அவர்கள் அரண்மனையைப் பார்த்தார்கள், ஓவியங்களைப் பார்த்தார்கள். நான் சாப்பாட்டுக் கடைகளின் பின்கதவுகளைப் பார்த்தேன். ஏப்ரனோடு நின்று சிகரெட் பிடிக்கிற முதுகெல்லாம் உங்கள் முதுகாக இருந்தது. ஒருவருக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க நடந்திருக்கிறேன். அவர் திரும்பினார், வங்காளி. வழி தவறிவிட்டாயா என்று கேட்டார்.

பிறகு ஒரு மத்தியானம், லவாபியெஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. நெருக்கி நெருக்கி மேசைகள். நான் வாசலுக்கு முதுகு காட்டி இருந்தேன். என் தலைக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், கட்டைக் குரல், "குயிதாதோ, கே கேமா" என்றது.

அப்பா, நான் அசையவில்லை. அசைய முடியவில்லை. மிரியம்தான் என் கதிரையை இழுத்தாள். ஒரு மனுஷன் கொதிக்கிற மண்சட்டியில் இறால் கொண்டு வந்து நின்றார். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டேன். நான் கோபப்படுவதாக நினைத்து, கை காட்டி, மெதுவாக விளக்கினார். கவனம், சுடும். அவ்வளவுதான்.

கேமா ஒரு பெண் இல்லை. சுடும். குசினியில் சட்டியோடு ஒருவருக்குப் பின்னால் போகும்போது சொல்கிற சொல். அந்தக் கட்டிலில் கிடந்து எங்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், விலகு, சுட்டுவிடும் என்று. கையில் என்ன வைத்திருந்தீர்கள் அப்பா? எவ்வளவு நேரம்? அதை யாராவது வாங்கி இறக்கி வைத்தார்களா?

அந்த மேசையில்தான் இரண்டு பேருக்கும் எல்லாம் சொன்னேன். மிரியம் அழுதுவிட்டாள். நிவேதா மட்டும் இறாலைத் தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரியிட்டச் சொல்லப் போறியோ? யோசிச்சுச் சொல்லு."

அம்மாவிடம் சொல்ல இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நல்ல செய்திதானே. எம்மன்புரூக்கே வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே, பெட்டியைக்கூடத் திறக்காமல் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கடைசிக் கிழமை முழுக்க நான் வார்டுக்கு வெளியில கதிரையில இருந்திட்டன் பிள்ளை. வேற ஆரையோ கூப்பிடுறார் எண்டு நினைச்சு."

எனக்கு அது தெரியாது அப்பா. களைத்துப்போய் வெளியே இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் கதவைப் பார்த்தீர்களா? தேடினீர்களா? சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சில வாரம் அம்மா வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். பிறகு ஒரு காலை, நான் கோப்பி போடும்போது பின்னால் வந்து நின்றார்.

"நான் இஞ்ச இருக்கிறன் எண்டு அந்தப் பாஷையில எப்பிடிச் சொல்லுறது?"

எஸ்தோய் அக்கீ என்றேன். வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இப்போது தினமும் விளக்கை வைத்துவிட்டு, நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து, பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்து நிற்கிறார். நானும் குசினியில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில், நான் தனியே இருந்தபோது, நீளமாக ஒன்று சொன்னீர்கள். மெதுவாக, சிரித்துக்கொண்டு. அதில் கேமா இல்லை. சொற்கள் என்னிடம் தங்கவில்லை, ஏறி இறங்கின அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது. லுசேர்னில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இந்தப் பாஷையை நான் விடமாட்டேன் அப்பா. எந்தத் தெருவில், யார் வாயில் அந்தச் சத்தம் வந்தாலும் நின்று கேட்பேன். கேட்டு, அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உங்கள் கடைசிப் பிள்ளை,
அபிரா