வழி மாறிய ஏழாம் நரம்பு

மச்சான்,

இன்று மதியம் கடற்கரைக் கடையில் வறுத்த சங்கரா மீனைப் பிட்டு வாயில் வைத்ததும் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காலையில் என்னோடு சிற்பங்களைச் சுற்றிப் பார்த்த, படூரிலிருந்து வந்த குடும்பம் எதிரில் உட்கார்ந்திருந்தது. "என்னண்ணா, அவ்வளவு காரமா?" என்று அந்தப் பெண் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். காரமெல்லாம் ஒன்றுமில்லை. உன் நினைவு வந்துவிட்டது, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். பல் துலக்கிக் கொப்பளித்தால் தண்ணீர் வாயின் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் முகம் வலப்பக்கம் கோணிக்கொண்டு நின்றது. இடது கண் மூடவே இல்லை. வீட்டில் ஒரே அழுகை. வண்டியில் போகும்போது கடல் காற்று காதில் அடித்ததுதான் காரணம் என்றார்கள், பக்கவாதம் என்றார்கள். என் மைத்துனன், புறா ரத்தம் தடவினால் சரியாகிவிடும் என்று ஒயர் கூடையில் புறாவோடே வந்து இறங்கினான். எனக்கோ வேறு பயம். நான் வாயை வைத்துப் பிழைக்கிற கைடு. உதடு ஒட்டாவிட்டால் பகரமும் வராது, மகரமும் வராது. 'மாமல்லபுரம்' என்று சொல்லிப் பார்த்தேன், புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. ஊர்ப் பெயரையே சொல்ல முடியாதவன் பின்னால் எவன் வருவான்?

பிறகு நீ வந்தாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு திரிந்தவன். பிசியோதெரபி படித்து, நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிறிய அறை ஒன்றில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவன். கையையும் காலையும் தூக்கச் சொன்னாய். பிறகு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாய்.

"நெத்திய சுருக்குடா."

வலது பாதி மட்டும் சுருங்கியது. நீ சிரித்துவிட்டாய்.

"மூளைல கோளாறுன்னா நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்கும். அதுக்கு மூளையோட ரெண்டு பாதில இருந்தும் கரண்டு வருது. இது நரம்பு மச்சான், ஏழாவது நரம்பு. அந்தப் புறாவ வுட சொல்லு, பாவம், அது இன்னா பண்ணிச்சி?"

அப்போதே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பறந்தாய். டாக்டரும் அந்த நரம்புதான், இதற்கு முகவாதம் என்று பேர் என்றார், சீக்கிரம் வந்தது நல்லது என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்கு விளங்க வைத்தாய். மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்புகள் நேராகக் கிளம்புகின்றன. முதலாவது முகர, இரண்டாவது பார்க்க, ஏழாவது முகத்தை அசைக்க. அந்த ஏழாவது, காதுக்குப் பக்கத்தில் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. அங்கே வீங்கினால் நசுங்கத்தானே வேண்டும்? "மாசி மகத்தன்னிக்கு சந்துல கூட்டம் மாட்டிக்கும்ல, அப்டித்தான்" என்றாய். டீ என் சட்டையெல்லாம் ஒழுகியது. துடைத்துவிட்டதும் நீதான்.

அதன் பிறகு நீ செய்த வைத்தியத்தை வேறு எவனும் செய்திருக்க மாட்டான். தினமும் சாயங்காலம் என்னை உன் அறைக்கு வரச்சொல்லி, சுவரில் மாட்டியிருந்த நரம்பு மண்டலப் படத்தின் முன் நிறுத்துவாய். "நாங்கல்லாம் டூரிஸ்ட்டு. சுத்திக் காட்டு."

"வாங்க சார், இதுதான் பெருமூளை. நினைக்கிறது, பேசுறது எல்லாம் இங்கே. பின்னால சிறுமூளை, நாம விழாம நடக்கிறது இதால. கீழே முகுளம், மூச்சையும் இதயத்தையும் கவனிச்சுக்கும். அங்கேருந்து முதுகெலும்புக்குள்ளே தண்டுவடம் இறங்குது."

எத்தனை பகரம், எத்தனை மகரம்! வேண்டுமென்றேதான் அந்தப் படத்தைப் பிடித்திருக்கிறாய். ஒரு கையில் கண்ணாடி, மறு கை விரலால் என் உதட்டோரத்தைத் தாங்கிக்கொண்டு "மறுபடி" என்பாய். காத்திருந்த முட்டிவலிக்காரர் ஒருவர் "முகுளத்துக்கு டிக்கெட் எவ்ளோ?" என்று கேட்டார். நானும் சிரித்தேன், பாதி முகத்தால்.

வந்துவிடுமா என்று ஒருநாள் உடைந்துபோய்க் கேட்டேன். "வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வர வரைக்கும் வுட மாட்டேன்" என்றாய். பொய்யான ஆறுதல் உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. உன்னை நான் இத்தனை மதிப்பது அதனால்தான்.

வந்தது. மறுபடி வடநாட்டுக் கூட்டம் ஒன்றை அழைத்துப்போன முதல் நாள், 'மாமல்லபுரம்' என்று வாய் நிறையச் சொன்னேன். கடைசி வரிசையில் தொப்பி போட்ட ஒருவன் கையைத் தூக்கி, "முகுளம் எங்க கீது சார்?" என்றான். நீயேதான். வடநாட்டுக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

சில மாதம் கழித்துத்தான் இந்தக் கண்ணீர் ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் போதும், இடது கண் பொங்கும். பயந்துபோய் உன்னிடம் ஓடிவந்தேன். அறுந்த நரம்பிழைகள் திரும்ப வளரும்போது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டியவை சில கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டன என்றாய். "கைடு இல்லாம போன நரம்பு மச்சான், வூடு மாறி பூந்துட்சி" என்று தொடையில் தட்டிச் சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. அந்த வீடு மாறிய நரம்பை இன்னும் சுமக்கிறேன். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது உன்னைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைக்கிறது. நல்லதுதான்.

உன் கருமாதியன்று உன் மனைவி இலை போட்டுச் சோறு வைத்தாள். முதல் கவளம் உள்ளே போனதும் கண் பொங்கியது. அவளும் அழுதுவிடப் போகிறாளே என்று, "இது நரம்பும்மா, நா அழுவல" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு கண்லயும் வருதுண்ணா" என்றாள்.