குடைக்காரியின் வெள்ளை அட்டை

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் தூங்கிவிட்டேன். குடைக்காரி வீட்டின் மாடியறையில், அவள் உட்கார்ந்து எழுதிய அதே மேசையில் தலைவைத்து. வேலைக்கு வந்த இடத்தில் குறட்டை விடுகிறவளை எந்த நிர்வாகம் வைத்துக்கொள்ளும்? ஒலிப்பதிவு செய்ய வந்திருப்பவர் (நான் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்) எழுப்பவும் இல்லை. விழித்தபோது சன்னல் வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரையில் போய்ப் படுத்திருந்தது. "தூங்குங்க, மூச்சு நல்லா பதிவாயிருக்கு" என்றார்.

இந்த வீட்டை அடுத்த மாதம் காட்சியகமாகத் திறக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுப்பார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு குரல் கதை சொல்லும். அந்தக் குரலுக்கான வாசகத்தை எழுதுவதுதான் என் பிழைப்பு. இதுவரை கோட்டைக்கு எழுதியிருக்கிறேன், கடிகாரக் காட்சியகத்துக்கு எழுதியிருக்கிறேன். கோட்டையும் கடிகாரமும் என்னை வளர்த்ததில்லை. இவள் ஒரு விதத்தில் வளர்த்திருக்கிறாள். அதுதான் தூக்கம் வருகிறதோ என்னவோ. பயந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும்.

ஜூன் 5, வியாழன்

காதுக்காரர் ஒரு விநோதமான வேலை செய்கிறார். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல், அசையாமல், வெறும் மௌனத்தைப் பதிவு செய்கிறார். பிறகு குரலுக்கு அடியில் அதை விரிப்பாராம். இல்லாவிட்டால் குரல் அந்தரத்தில் தொங்குமாம். "ஒரு ரூம் மாதிரி இன்னொரு ரூம் இருக்காது மேடம். இந்த ரூம்ல மரம் கொஞ்சம் பேசுது."

நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மைதான். அலமாரி எங்கோ முனகியது. தூரத்தில் ஒரு கதவு. அப்புறம் — நான் கேட்டதாகத்தான் நினைக்கிறேன் — குடையின் முனை தரையைத் தொடும் சத்தம். டக். டக். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எனவே அது என் தலைக்குள் கேட்டது.

பெண்கள் தனியாகத் தெருவில் இறங்காத காலத்தில் கறுப்புக் குடையோடு இறங்கியவள் அவள். கல்லெறிந்தார்கள். குடையை விரித்துத் தடுத்துக்கொண்டே போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினாள். 'குடைக்காரி' என்று கேலியாக அவர்கள் வீசியதையும் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டாள். தன் கட்டுரைகளுக்குக் கீழே அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா வீடு. கீழ்வீட்டில் அம்மா, மாடிவீட்டில் சித்தி. சித்தி தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினால் தேநீர் வேண்டும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் சண்டை.

இருவரும் குடைக்காரி தன் வீட்டிலேயே நடத்திய விடுதியில் வளர்ந்தவர்கள். பெற்றவர்கள் போன பிறகு யாரோ கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது, சித்திக்கு ஆறு. குடைக்காரி கிழவியாகிவிட்டிருந்தாள். ஆனால் புதுப் பிள்ளைகளை அவளேதான் சோதிப்பாள். வீட்டு நடைக்கூடத்தின் ஒரு கோடியில் பிள்ளை நிற்கும். மறு கோடியில் அவள் நின்று ஒரு வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். "என்ன தெரியுது?" அட்டையில் மெல்லிய கோட்டில் ஒரு படம் இருக்கும். சொன்ன பிள்ளை 'தெளிவு'. முன்கூடத்தில் படிப்பு. சொல்லாத பிள்ளை 'மங்கல்'. பின்கட்டில் தையல். அறிவு ரத்தத்தில் வருவது, அதை வளர்க்க முடியாது என்பது அவள் கொள்கை. மங்கலான பெண்கள் பிள்ளை பெறாமலிருப்பதே நல்லது என்றுகூடப் பேசி, அச்சிட்டும் வைத்திருக்கிறாள். எவரும் மறைக்கவில்லை. நூலகத்தில் இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை, அவ்வளவுதான்.

அம்மா "குருவி" என்றாள். சித்தி "வெள்ளையா இருக்கு" என்றாள்.

சித்திக்குக் கிட்டப்பார்வை. துணிக்குள் மூக்கை விட்டுத் தைப்பதைப் பார்த்துத் தையல் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கண்டுபிடித்தபோது அவளுக்கு இருபது வயது. கண்ணாடி போட்ட அன்று மரத்தில் தனித்தனியாக இலை இருப்பதைப் பார்த்து அழுதாளாம்.

அம்மா வாத்தியாரம்மாவாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். குடைக்காரியின் படம் இன்னும் அம்மா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஆகவே "பார்த்து எழுது" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அந்த அட்டையைப் போடு. அதை விட்டுட்டு நீ என்ன எழுதினாலும் நான் கேக்கமாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

அறக்கட்டளைச் செயலாளர் முதல் வரைவைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "எல்லாம் பிரமாதம் மேடம். ஆனா இந்த அட்டை விஷயம்... கல்யாண வீட்டுல போய்க் கோர்ட்டுக் கேஸ் பேசற மாதிரி இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். அதையும் எவ்வளவு பணிவாகச் சொல்கிறார்!

ஜூன் 12, வியாழன்

நாள் முழுக்க மழை. ஒரு வரிகூட எழுதவில்லை. நடைக்கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சித்தியிடம் கேட்டேன். அவள் அந்த வீட்டுப் பக்கம் போனதே இல்லை. பேருந்து அந்தத் தெருவில் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று நினைத்துப் போனேன்.

"எதுக்குடி அவளைத் திட்டி எழுதப் போற?"

"திட்டல சித்தி. நடந்ததை..."

"நடந்தது எனக்குத் தெரியாதா? என் புருஷன் சம்பளத்தன்னிக்கு ஃபாக்டரி வாசல்ல வந்து நிப்பான், என் கூலியை வாங்கிட்டுப் போக. பொம்பளை கூலி பொம்பளை கையிலதான்னு சட்டம் வந்துச்சே, அது யாரு வாங்கிக் குடுத்தது? அந்தக் கிழவிதான். செத்த பிறகுதான் வந்துச்சு, ஆனா முப்பது வருஷம் கத்தினது அவதான். அதை நல்லா எழுது."

"உன்னை மங்கல்னு சொன்னாளே."

"சொன்னா. நானும் மூணு பெத்தேன். மூணும் மங்கல். மூணும் கண்ணாடி." சிரித்தாள். பிறகு சட்டென்று குரலை இறக்கினாள். "அட்டைக் கதை மட்டும் வேணாம்டி. எழுதினா உங்கம்மா உடைஞ்சு போயிருவா. அப்புறம் என் மூஞ்சியில முழிக்கமாட்டா. எனக்கு இருக்கறது அவ ஒருத்தி."

சித்தி எழுதாதே என்கிறாள், அக்காவுக்காக. அம்மா எழுது என்கிறாள் — யாருக்காக? இத்தனை வருடம் மாடிக்கும் கீழுக்கும் தடியால் பேசிக்கொண்டிருப்பவர்கள். என் ஒரு பத்தியால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டால்? குடைக்காரிக்கு நியாயம் செய்வது அப்புறம். இந்த இரண்டு கிழவிகளுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

ஜூன் 16, திங்கள்

கனவு. நடைக்கூடம் நீண்டுகொண்டே போகிறது. கோடியில் குடை விரித்து நிற்கிறாள், வீட்டுக்குள்ளேயே. மழை அவளுக்கு மட்டும் பெய்கிறது. இன்னொரு கையில் வெள்ளை அட்டை. "என்ன தெரியுது?" என்கிறாள், அதட்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல. நான் வாயைத் திறக்கிறேன். அட்டையில் படம் மாறிக்கொண்டே இருக்கிறது. குருவி, பிறகு ஊசி, பிறகு எனக்குத் தெரியாத ஒரு சின்னப் பெண்ணின் முகம். எதைச் சொன்னாலும் மற்றது பொய்யாகிவிடும் என்று சும்மா நிற்கிறேன். குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் என் காலை நனைக்கிறது. இதமாக இருந்தது. எழுந்து வெகுநேரம் அந்த ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஆறாவது வரைவும் போயிற்று. புகழை முதலில் வைத்துக் குறையைப் பின்னால் வைத்தால் அவள் கொடுமைக்காரி. திருப்பி வைத்தால் மகான். நடுவில் வைத்துப் பூசி மெழுகினால் அவள் ஆளே இல்லை, சாம்பல் நிறச் சுவர். கல்லடிக்கு முன்னால் குடை பிடித்ததும் ஒரு குழந்தைக்கு முன்னால் அட்டை பிடித்ததும் ஒரே கைதானே? அதே கை!

எனக்கு அவள்மேல் கோபமும் வருகிறது. ஏன் கிட்டே வந்து காட்டவில்லை? நாலு எட்டு நடந்து வந்திருந்தால் போதும். ஊரையே எதிர்த்து நடந்தவளுக்கு அந்த நாலு எட்டு முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

மகள் தொலைபேசியில்: "அந்தம்மாவைத் தலையில தூக்கி வச்சு ஆடவும் வேணாம், கீழ போட்டு மிதிக்கவும் வேணாம். பக்கத்துல உக்கார வையேன்." சொல்வதற்கென்ன. உட்கார வைத்துப் பார்.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

யார் எங்கே நின்றார்கள், எந்தக் கதவு பின்கட்டுக்குப் போகும் என்று காட்டுவதற்காக அம்மா நடைக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வாடகை வண்டியிலிருந்து அம்மா இறங்கினாள். பின்னாலேயே சித்தி. நான் வாயைப் பிளந்தேன். "முட்டி வலிக்காரி, படியில விழுந்து தொலைச்சா யாரு பாக்கறது?" என்று என்னை முறைத்தாள். முன்வாசல் வழியாக வரவில்லை. சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாகவே வந்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

காதுக்காரர் அப்போதுதான் நடைக்கூடத்து மௌனத்தைப் பதிவு செய்யத் தயாராகியிருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தோம். நான் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடினேன். காற்று. எங்கோ புறா. வெயில் கண்ணிமைக்குள் சிவப்பாக ஓடியது.

அம்மாவுக்கு மௌனம் ஆகாது. நாற்பது வருடம் வகுப்பறையில் மற்றவர்களை அதட்டி அடக்கியவள், தான் அடங்கியதே இல்லை. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"குட்டி. உனக்குத் தூரத்துல தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அப்பவே தெரியும். ரோட்டுல நான்தானே உனக்கு எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போவேன். அன்னிக்கு நான் சொல்லல. வாயைத் தொறந்தா என்னையும் பின்னால அனுப்பிருவாங்கன்னு... நான் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டேன்."

நான் கண்ணைத் திறந்தேன். காதுக்காரர் நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கை அசையவில்லை.

புறா இரண்டு முறை கத்தியது.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ திரும்பிப் பாக்கலன்னு. எனக்கு நீயும் தூரத்துல மங்கலாத்தான் தெரிஞ்ச. ஆனா திரும்பலன்னு தெரிஞ்சுது." பிறகு, "உனக்கு ஏழு வயசுடி. அவளுக்கு எழுபது. கேக்கணும்னா அவளையில்ல கேக்கணும்?"

சித்தி அக்காவை 'டி' போட்டுப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

அம்மா அழுதாள். சித்தி தன் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், அழுதது அம்மாவாக இருந்தாலும். காதுக்காரர் கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "மௌனம் இன்னும் எடுக்கல. மறுபடி எடுக்கணும்." மூவரும் சிரித்துவிட்டோம்.

ஜூன் 27, வெள்ளி

அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். வைக்கலாமா, அழிக்கலாமா, நீங்கள் சொல்வதுதான் என்றேன். "வை" என்றாள் அம்மா. சித்தி யோசித்தாள். "கூலிச் சட்டத்தையும் வை. அதை நான் சொல்றேன், என் வாயால. அவளைப் பத்தி நல்லது சொல்லணும்னா நான்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லிரக்கூடாது."

ஆறு வரைவையும் கிழித்துப் போட்டேன். கை எவ்வளவு லேசாக இருக்கிறது!

ஜூலை 2, புதன்

செயலாளர் முழுதும் கேட்டார். காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். "நிர்வாகக் குழுவுல கத்துவாங்க மேடம்." கத்தட்டும் என்றேன். "கத்தினா இதையே போட்டுக் காட்டறேன்" என்றார்.

ஜூலை 12, சனி

திறந்தாயிற்று. காலையிலிருந்து கூட்டம். ஒவ்வொருவர் காதிலும் கருவி, யாரும் யாரோடும் பேசவில்லை. தண்ணீருக்கடியில் நடப்பவர்கள்போல அறை அறையாக நகர்ந்தார்கள். மாடியறையில் சிரித்தார்கள், கல்லெறிந்த கதை வரும்போது குடையைப் பார்த்தார்கள். நடைக்கூடத்தில் மட்டும் நின்றுவிட்டார்கள். அங்கே என் வாசகம் இரண்டே வரி: 'இங்கேதான் அவர் பிள்ளைகளைத் தரம் பிரித்தார். அப்படிப் பிரிக்கப்பட்ட இரண்டு பேர் பேசுகிறார்கள்.' மீதியெல்லாம் அவர்கள் குரல். கூலிச் சட்டத்தைச் சித்தி சொல்லும்போது பின்னால் அதே புறா.

வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் வந்தார்கள். சித்தி வாசலில் நின்று படியைப் பார்த்தாள். பிறகு தடியை முன்னால் ஊன்றி முன்வாசல் வழியாகவே ஏறி வந்தாள். நான் கவனிக்காததுபோல இருந்துகொண்டேன்.

நடைக்கூடத்தில், ஆறு வயதில் நின்ற அதே கோடியில் நின்று முழுதும் கேட்டாள். முடிந்ததும் கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கண்ணாடியையும் கழற்றினாள். குடைக்காரி அட்டை பிடித்து நின்ற எதிர்க்கோடியில் இப்போது அவளுடைய பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறது.

"என்ன தெரியுது சித்தி?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வெள்ளையாத்தான் இருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அங்கேயே நிற்கவில்லை. தடி ஊன்றி நடைக்கூடம் முழுக்க நடந்துபோய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கிழவிக்கும் கண்ணு சரியில்லடி. பாரு, எப்படி இடுக்கிட்டுப் பாக்கறா. யாரும் அவளுக்குச் சொல்லல போல."

பிறகு அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவளிடம் நடந்து போனாள்.