மாத்திரை விரதத்தில் சேராது

ஆரஞ்சு குளுக்கோஸ் பொடியை பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கினேன். விடியற்காலை, ஓடக் கிளம்பும் நேரம். புரட்டாசிச் சனிக்கிழமை. போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். நீ விழுங்கிய அதே மாத்திரைதான்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னைக் கொண்டுபோனது காமாலை. ஆனாலும் உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் வருவதில்லை. அந்தச் சாலைதான் வருகிறது.

ஞாயிறுதோறும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சேர்ந்து ஓடுவோம். பாதி வழிக்கு மேல் என் கால் கனத்துவிடும். இந்தக் குளுக்கோஸ் தண்ணீரை இரண்டு மடக்கு குடித்தால் மறுபடி ஓட வரும். நீ கேலி செய்வாய். "ஏட்டி, ஓட வாரியா, சர்பத் கடை போட வாரியா?"

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, அங்கே பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்கே ஓடிவிடுவோம் என்றாய். உனக்கு விரதம். கிளம்பும்போது சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கினாய்.

"சாப்பிடாம மாத்திரை எதுக்கு?"

"அது மருந்துட்டி. விரதத்துல சேராது."

"அப்ப இதையும் ரெண்டு மடக்கு குடி."

"இது இனிக்குமே. பெருமாளப் பாத்துட்டுப் பொறவு குடிக்கேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் நெருங்கும்போது உன் பேச்சு நின்றது. ஓடும்போதும் வாய் ஓயாதவள் நீ. திரும்பிப் பார்த்தேன். உடம்பெல்லாம் வியர்வை, கைகள் நடுங்கின. சாலையோரம் உட்காரவைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க யாரு?" என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்து தொடர்ந்த சிநேகிதத்தில் நீ எனக்கு மரியாதை கொடுத்தது அந்த ஒருமுறைதான்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. பாட்டிலை உன் உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். கண் தெளிந்ததும், "என் விரதத்தக் கெடுத்துட்டியேட்டி" என்று என் தோளில் அடித்தாய். நான் அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று உனக்குப் புரியவில்லை. நடந்தது எதுவுமே உனக்கு நினைவில்லை.

என்னைப் பயமுறுத்துவது அதுதான். நினைவு நழுவுவது நழுவுகிறவளுக்குத் தெரிவதில்லை. உனக்கு நான் பக்கத்தில் இருந்தேன்.

இப்போது நான் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன். பாட்டில் இடுப்பிலேயே இருக்கிறது. ஆனால் குடிக்க வேண்டும் என்பதே மறந்துபோனால்? அதனால் ஓடும்போது அவ்வப்போது உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். எதிரே வருகிறவர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள். பெயர் வந்துவிட்டால் அடுத்த பாலம் வரை பயமில்லாமல் ஓடலாம்.

போன வாரம் ஒருமுறை அது வரத் தாமதமானது. நின்ற இடத்திலேயே பாட்டிலைத் திறந்து, உன் பெயர் வரும்வரை குடித்தேன்.