வாப்பாவின் இடக்கண்

வண்ணாத்திவில்லுப் பொலிஸிலிருந்து செய்தி வந்தபோது ஜௌபர் தம்பியை எழுப்பவில்லை. ஞாபகமறதியில் வீட்டைவிட்டுப் போய்க் காணாமல்போன வாப்பாவைத் தேடி அலைந்த ஹில்மி, சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் கண்ணயர்ந்திருந்தான். பாண் சுற்றி வந்த தாளில் ஜௌபர் எழுதினான்.

“ஹில்மி, வாப்பா மவுத்தாகிட்டாரு. காட்டோரத்தில யானை அடிச்சிரிக்கி. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். பள்ளிவாசலுக்கு அறிவிச்சிரு. கதவுத் திறப்பு ஜன்னல்ல. சோறு சட்டியில இரிக்கி, கொஞ்சமாச்சும் தின்னு.”

பேனை நின்றது. பெருநாளன்று எடுத்த ஒரே படத்தில் வாப்பா கண்ணை மூடியிருந்தார். ஹில்மிதான் ஏஐயில் போட்டு, கண்களைத் திறக்க வைத்து, ஊரெல்லாம் அனுப்பினான். நேற்று ஒரு தேத்தண்ணிக்கடைக்காரர் வாப்பாவை உட்காரவைத்து, போனிலிருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தாராம். படத்தில் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. வாப்பாவுக்கோ இடக்கண்ணில் வெள்ளையாய்ப் பூ விழுந்திருந்தது. இது வேறு ஆள் என்று போக விட்டுவிட்டார்.

மையித்து வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது இதை ஹில்மியிடம் சொல்லத்தான் போகிறார்கள். ஜௌபர் எல்லாவற்றையும் எழுதினான். பிறகு,

“அந்த மனுஷன் வந்தா நீ சண்டைக்குப் போகாத. உம்மா எழும்பினா மவுத்த மட்டும் சொல்லு, படத்துக் கதையச் சொல்லாத. இப்படிக்கு, உன் நாநா.”

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினான்.

“நானும் உம்மாவும் அந்தப் படத்தப் பாத்துப் பாத்துத்தான் அழுதம். அது வாப்பாட கண் இல்லண்டு எங்களுக்கும் விளங்கல்ல.”