தறிக்குழியில் இறங்கிய கால்

14-8-1972, திங்கள்

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

பட்டு நெய்கிற ஏகாம்பரத்துக்கு முறிந்த கால் எலும்பு கூடிவிட்டது. முட்டிதான் மடங்க மாட்டேன் என்கிறது. அதை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுப்பது ஆஸ்பத்திரியில் என் வேலை. செய்யச் சொன்னால், "வலிக்குதும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்து நடந்து என் கால்தான் பலமாகிறது!

இன்று அவர் மனைவியிடம் சொல்லி, அவர் மச்சானை அவருடைய தறியில் உட்காரவைத்தேன். அந்த ஆள் துண்டு நெய்கிறவர், பட்டு பழக்கமில்லை. தெரிந்துதான் செய்தேன். ஊடுநூல் ஓட்டும் நாடாவை நாலு தரம்கூட எறிந்திருக்க மாட்டார்.

"என் பட்டைக் கெடுத்துக்கினு இருக்கிறியேடா, எழுந்திரு!"

சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார் ஏகாம்பரம். மச்சானை விரட்டினார். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். முட்டி மடங்கியது. முழுசாக இல்லை, ஆனால் மடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிபலகையை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். நான் மாரடித்துக்கொண்டிருந்த அதே பயிற்சி!

"இன்னைக்கு இது போதும். நாளைக்கு வர்றேன்" என்றேன்.

"நாளைக்கு எதுக்கும்மா வர்றீங்க? எனக்கு வேலை இருக்குது."

போவேன். அவர் மறுபடி கட்டிலில் படுத்திருந்தால், மச்சானையும் கூட்டிக்கொண்டு போவேன்.