மறுப்பு சொல்ல இன்னும் ஒன்பது நாள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கவே கோபமாக வருகிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

காகிதத்தில் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உனக்கு அனுப்பிய பதினோரு மின்னஞ்சலுக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'இந்த முகவரியை இப்போது யாரும் பார்ப்பதில்லை.' அதையும் நீ எழுதவில்லை. நீ எழுதி வைத்த நிரல் தானாக அனுப்புகிறது. போனையும் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் வீட்டு முகவரி கொடுத்திருக்கிறாய். "உன்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். நான் குடுக்கலைன்னே எழுதிடு" என்று சொல்லிக்கொண்டே, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். ஆகவே அம்மா முகவரி கொடுக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்.

பேனா பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. நாலு வரிக்குள் விரல் மரத்துப்போகிறது. தப்பாக எழுதினால் கை தானாக அழிக்கும் பொத்தானைத் தேடுகிறது. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. வாய் எப்போதும்போல நன்றாகவே இருக்கிறது. போன வாரம் மாடி வீட்டு அம்மாள், உங்கள் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பட்டறை வச்சாங்க. சுத்தியல், ரம்பம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள. உலகத்துல யார் வேணும்னாலும் வந்து மென்பொருள் செஞ்சுக்கலாம், செஞ்சதைப் பக்கத்துல இருக்கறவனுக்கும் குடுக்கலாம். இப்ப பெரியவ மட்டும் தனியா சுத்தியலோட உக்காந்திருக்கா" என்றாளாம். பன்னிரண்டு வருடமாக நாம் முகப்புப் பக்கத்தில் எழுதி எழுதி விளக்க முடியாததை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கடைசி வாக்கியம் எனக்காகத்தான் என்பதும் புரிந்தது.

அந்தத் தனிச் சுத்தியலின் கதையைக் கேள். பட்டறையின் அடுத்த தலைமுறையை வடிவமைக்கிறோம் என்று உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரம் ஒரு கூட்டம். திரையில் பதினோரு முகம், பன்னிரண்டு கருத்து. முதல் ஒன்றரை மாதம் புதுப் பதிப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே போயிற்று. பெண் பார்க்கவே இல்லை, பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சண்டை. திரை வடிவமைக்கும் பெண்ணை உனக்குத் தெரியும். எல்லா மூலையையும் வளைத்துவிடுவாளே, அதே 'வட்டம்'. அவளுக்கு எல்லாமே உலாவியில் நடக்க வேண்டும். யாருடைய கணினியிலும் எதுவும் தங்கக் கூடாது. பாதுகாப்பைக் கவனிக்கும் நம் 'பூட்டு' அதற்கு இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தார். ஒரே வீடு, ஒரே கதவு என்றால் அவருக்கு ஒரே பூட்டு போதும். தன் வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கே கடவுச்சொல் வைக்கிற மனிதர் அவர்.

இப்படிச் சுற்றிச் சுற்றி எல்லாரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்வது உன் 'பெட்டி'யில்தான். இணைப்பு இல்லாதபோது வேலையைச் சொந்தக் கணினியில் பத்திரமாக வைத்து, இணைப்பு வந்ததும் மற்றவர்களுடைய வேலையோடு சேர்க்கும் அந்தப் பகுதி. நீ போனபிறகு அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. நான் பார்த்தேன். நிரலுக்கு நடுவே நீ எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் படித்தேன். 'இங்கே ஏன் இரண்டு முறை சரிபார்க்கிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.' 'இதற்குக் கீழே உள்ளது அழகாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது.' அறுநூறாவது வரியில், 'அக்கா, தயவுசெய்து இதைத் தொடாதே.' இவன் எனக்குக் குறிப்பு எழுதினானா, சாபம் விட்டானா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பாயா திட்டுவாயா தெரியவில்லை. பெட்டியை அடியோடு நீக்கிவிடலாம் என்று நானே முன்மொழிந்து பொது அறிவிப்பு வைத்தேன். நிஜமாக நீக்குவதற்கு இல்லை. அதைப் பார்த்தாவது உனக்குப் பற்றிக்கொண்டு வரும், 'யாரைக் கேட்டு?' என்று ஒரு வரியாவது எழுதுவாய் என்றுதான். உன்னைப் பேசவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. சின்ன வயதிலும் உன் பொம்மையைத் தொட்டால்தான் நீ வாயைத் திறப்பாய்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. உதவி வேண்டும் என்று எழுதினால் மூன்று வாரம் கழித்து 'மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன்' என்பவர்கள், இதை ஒரு மணி நேரத்தில் ஆமோதித்தார்கள். மூன்று பேர். மூன்று பேர் ஆமோதித்துவிட்டால் முன்மொழிந்தவர் திரும்பப் பெறவும் முடியாது, தானே மறுக்கவும் முடியாது என்று விதி எழுதியவன் யார்? நீ. நான் திங்களன்று ஒன்று சொல்லி வியாழனன்று மாற்றிக்கொள்கிறேன் என்று எனக்காகவே எழுதினாய். இருபத்தொரு நாள் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்பதும் நம் விதிதான். மறுக்கிறவர் சும்மா மறுக்கக் கூடாது, அந்தப் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்தேன். வேலை செய்யாமல் குறை சொல்கிறவர்களை அடக்க வேண்டும் என்று அன்றைக்கு எவ்வளவு பெருமையாகச் சேர்த்தேன்!

பன்னிரண்டாம் நாள், அதாவது நேற்று, ஒரு கப்பல் இன்ஜினியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சரக்குக் கப்பலில் பம்புகளைக் கண்காணிக்கும் மென்பொருளை நம் பட்டறையில்தான் எழுதிவருகிறாராம். "மேடம், கடல்ல ஏறினா இருபத்தாறு நாள் சிக்னல் கிடையாது. பெட்டி இருக்கறதாலதான் என் வேலை ஓடுது. அதை எடுக்கப் போறீங்கன்னு துறைமுகத்துல இறங்கினப்புறம்தான் பார்த்தேன். யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? நெட் இல்லாதவனுக்காக வச்சதை எடுக்கலாமான்னு நெட்லயே கேட்டிருக்கீங்களே, எவன் வந்து வேண்டாம்னு சொல்லுவான்?" என்று எழுதியிருந்தார். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்த துறைமுகம் வருவதற்குள் நம் இருபத்தொரு நாளும் முடிந்துவிடும்.

படித்ததும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெட்டியை நாற்பது பேர்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பூட்டு ஒரு கணக்குக் காட்டியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். அது ஒரு நாளில் இணைப்புக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை. நேற்று முழு வருடத்தையும் எடுத்துப் பார்த்தேன். மூவாயிரத்துக்கு மேல். மாதம் ஒருமுறை வருகிறவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். அவர்களுடைய மௌனத்தையும் சேர்த்துத்தான் நாம் சம்மதம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு வருடமாக விதி எழுதிய எனக்கும் உனக்கும் இது ஒருமுறைகூடத் தோன்றவில்லையே!

உடனே கூட்டத்தைக் கூட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன், திரும்பப் பெறுகிறேன் என்றேன். "ரூல் ரூல்தான்க்கா. போன மாசம் நான் ஒண்ணைத் திரும்ப வாங்கறேன்னு கேட்டப்போ நீங்கதான் இப்படிச் சொன்னீங்க" என்றாள் வட்டம். அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். அப்படியானால் வேறு யாராவது மறுத்துப் பொறுப்பெடுங்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். ஒருவருக்குக் குழந்தை அழுதது. ஒருவருக்கு மைக் வேலை செய்யவில்லை. இன்னொருவர் இணைப்பு உறைந்துபோன மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பூட்டுதான் வாயைத் திறந்தார்: "எனக்கு அந்தப் பெட்டி மேல பகை ஒண்ணும் இல்லைங்க. புரியாத ஒண்ணுக்கு நான் எப்படிக் காவல் நிக்க முடியும்? உங்க தம்பி எடுத்துக்கட்டும், முதல்ல கைதட்டறவன் நான்."

இவ்வளவும் எழுதிவிட்டேன். எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. அதற்குப் பயந்துதான் பக்கம் பக்கமாகக் கதை அளந்துகொண்டிருக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

போன வருடம் பெட்டியில் நீ செய்த மாற்றத்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய வேலை அழிந்துபோனது. மூன்று நாள் குளிக்காமல், சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டுக் கொடுத்தாய். அப்போதும் உலகம் முழுக்க உன்னைக் கண்டபடி திட்டியது. ஏதாவது விளக்கம் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். 'மாற்றத்தை எழுதியவரின் கவனக்குறைவு' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். அடுத்த வாரம் நீ பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டாய். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "கொஞ்ச நாள் யார் கண்ணுலயும் படாம இருக்கேம்மா" என்றாய்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்பாமல் எந்த மாற்றமும் பட்டறைக்குள் நுழையாது. அந்த மாற்றத்தின் கீழே 'படித்தேன், சரி' என்று இருப்பது என் பெயர். அன்றைக்கு அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். 'அக்கா, பெரிய மாற்றம். அவசரமே இல்ல, நிதானமா படி' என்று நீ எழுதியிருந்தாய். ஆயிரத்து இருநூறு வரி. நான் நாற்பது வினாடியில் பொத்தானை அழுத்திவிட்டு, அம்மாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனேன். நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, தம்பி.

அந்த நாற்பது வினாடியும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. யாரும் தேடிப் பார்க்கவில்லை. நீ பார்த்திருப்பாய். அதை எடுத்து எல்லார் முன்னாலும் போட்டிருந்தால் பாதிக் கல்லடி என் மேல் விழுந்திருக்கும். நீ பேசவே இல்லை. அவனே மறுக்கவில்லை, அப்படியென்றால் ஒப்புக்கொண்டான் என்று நானும் வசதியாக எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை முகப்புப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். படிக்காமலே 'படித்தேன்' என்று ஒப்பமிட்டது நான்தான், போன வருட விளக்கம் பாதி உண்மைதான் என்று. யாரும் கேட்டு எழுதவில்லை. திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், திட்டட்டும். அம்மாவிடம் சொன்னேன். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அவன் இங்கயே இருந்திருப்பான்" என்றாள்.

கடிதம் போய்ச்சேர நாலு நாள் ஆகும் என்று தபால் அலுவலகத்தில் சொல்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. 'மறுக்கிறேன்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. என்னோடு பேசு என்றும் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை. இருக்கிற இடத்திலிருந்தே பெட்டியைப் பார்த்துக்கொள். எது வேண்டுமானாலும் பூட்டிடம் சொல், அவர் எனக்குச் சொல்லட்டும். நீ எழுதுவதில் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் ஒப்பமிடுவேன், ஒரு மாதமானாலும் சரி. அந்தக் கப்பல்காரர் கரையில் இறங்கும்போது அவருடைய வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. யார் கண்ணில் படாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஒன்பது நாளும் போய், உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் பெட்டி போய்விடும், விதி அப்படி. ஆனால் இந்த முறை நீ பேசாமல் இருந்தால், அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என்றும் உன்,
அக்கா