ஜெனிக்கு வராத ஓர் எழுத்து

என் உயிரில் பாதியான ஸ்டெல்லாவுக்கு,

உன் மகளின் ரிசல்ட் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ தவித்துக்கொண்டிருப்பாய். ஜெனிக்கு அது இல்லை. உன்னைக் கொண்டுபோன கோளாறு அவளிடம் இல்லவே இல்லை.

நாம் ஒரே கரு இரண்டாகிப் பிறந்தவர்கள். சில நிமிடம் முந்திக்கொண்டு வந்தாய், முந்திக்கொண்டே போயும்விட்டாய். உனக்கு மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்ததே, அது என் செல்களிலும் இருக்கிறது. ஆர்என்ஏ அந்தத் தப்பை அப்படியே நகலெடுத்துப் போகும், அதைப் படித்துச் செய்யும் புரதமும் தப்பாகத்தான் இருக்கும். ஜெனிக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம் பிளஸ் டூ வகுப்பில் டிஎன்ஏ பாடம். இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கும். இதில் அடினைன் என்றால் எதிரே தைமின், குவானைன் என்றால் சைட்டோசின். பிரிந்தாலும் ஒவ்வோர் இழையும் தன் வரிசையைப் பார்த்தே ஜோடியை மறுபடி கட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் ஜோடியை நான் எதைப் பார்த்துக் கட்டுவது?

கல்லறைத் திருநாளன்று, விஷயம் தெரியாத பூக்கார அம்மா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஸ்டெல்லாவா! ஆளையே காணோமே. யாருக்கும்மா மாலை?"

"தங்கச்சிக்கும்மா" என்று வாங்கிக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரமாவது நீ இருந்து, நான் போயிருக்கட்டும்.

ரிசல்ட் கேட்டுவிட்டு வரும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜெனி அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். "அம்மாகிட்டேருந்து எனக்கு அதுகூட வரலையா சித்தி?" என்றாள். பைத்தியக்காரி.

"உன் டிஎன்ஏல பாதி அம்மாவோடதுடி. மைட்டோகாண்ட்ரியால இருக்கிறது முழுக்கவே அம்மா குடுத்தது. உன் உடம்பு ஓடுற சக்தியே அங்கேருந்துதான் வருது" என்றேன். டீச்சர் புத்தி எங்கே போகும்?

அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க ஸ்கேனுக்கே போறதில்லன்னு சித்தப்பா சொன்னாங்க. போங்க சித்தி. வயசானா அம்மா எப்படி இருப்பாங்கன்னு நான் வேற எங்க போய்ப் பார்ப்பேன்?"

இறங்கவேண்டிய திருவானைக்காவல் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டோம்.

நீ இல்லாமல் உயிரோடு இருப்பதில் எனக்கு ருசியே இல்லை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஆனாலும் திங்கட்கிழமை ஸ்கேனுக்குப் போகிறேன், இனி வருடா வருடம் போவேன். உன் தலை நரைக்கட்டும், உன் முகத்தில் சுருக்கம் விழட்டும். உன் மகள் அதைப் பார்க்கட்டும்.

உன்னோடு ஒரே கருவாக இருந்த தங்கை,
நிர்மலா